பெரிய மௌனம்

முதலில் தவறு செய்தவன் மச்சான்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் நடந்ததை மட்டும் கேட்டுவிட்டு, தையல்காரர் மேல்தான் குற்றம் என்று சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் அவர் வீட்டிலேயே இருக்கிறார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மனைவியின் தம்பிக்கு முதல் வேலை கிடைத்தபோது, தையல்காரர் அவனுக்கு ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பட்டன் காஜா கூட மிஷினில் போடாமல் கையால் போட்டார். அதை மாட்டிக்கொண்டு அவன் குடும்பத்தோடு போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தான். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்த போட்டோக்காரர், "தம்பி, வலது கால்ல பேன்ட் தூக்கியிருக்கு. இழுத்து விடுங்க" என்றார். இழுத்தான். விட்டதும் ஏறிக்கொண்டது. மறுபடி இழுத்தான். மறுபடி ஏறியது.

"விடுங்க சார்," என்றான் மச்சான், பதினாறு சொந்தக்காரர்கள் முன்னால். "அந்தக் காலுக்கு டேப் பிடிக்கும்போது எங்க மாமா தும்மிட்டாரு போல."

பதினாறு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே போட்டோக்காரர் பட்டனை அமுக்கிவிட்டார். அந்தப் போட்டோ கூடத்துச் சுவரில் இன்றும் தொங்குகிறது. அதில் சிரிக்காமல் நிற்கிற ஒரே ஆள் தையல்காரர்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கிற அநியாயம் புரியும். பேன்ட் துணியை யாரும் தனித்தனிக் காலாக வெட்டுவதில்லை. இரண்டாக மடித்துப் போட்டு, ஒரே வெட்டு. தும்மினாலும் இரண்டு காலுக்கும் சேர்த்துத்தான் தும்ம முடியும். இதை அவர் அன்றைக்கே சொன்னார். "பேன்ட் நேர்தான். ஆள்தான் கோணல்" என்றார். அதற்குப் பதினாறு பேரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கடைத்தெரு வரைக்கும் போனது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள், தைத்த பேன்ட்டைக் கையில் வாங்கியதும் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறார்கள்.

தையல்காரர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். "தப்பு என்மேல, மாமா." அவ்வளவுதான். அதைச் சொல்லும் வரைக்கும் மச்சான் இந்த வீட்டில் ஒரு நாள் கூடத் தங்கக் கூடாது. பத்தொன்பது வருடமாக அவன் சொல்லவில்லை. இவரும் தங்கவிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மச்சானுக்கு இதே ஊர் நூலகத்துக்கு மாற்றல் வந்தது.

"ரெண்டே மாசம்," என்றாள் மனைவி. "வீடு கிடைக்கிற வரைக்கும்."

"அந்த வார்த்தையைச் சொல்லட்டும்."

"ஒரு பேன்ட்டுக்காகவா?"

"பேன்ட்டுக்காக இல்ல. தொழிலுக்காக."

"சனிக்கிழமைக்குள்ள தங்க இடம் முடிவாகலைன்னா மாற்றலே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுவானாம். அடுத்த வாய்ப்பு எப்ப வருமோ."

"எழுதிக் கொடுக்கட்டும். கையெழுத்தாவது நேரா இருக்கும்."

இந்த உரையாடல் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மிஷினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு தடவை நடந்தது. தையல்காரருக்கு அறுபத்தி நாலு வயது. மறுப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டால், அந்தப் பழி சாகும்வரைக்கும் தலைமேல் இருக்கும். சரி என்று சொன்னால் பத்தொன்பது வருடமும் தண்ணீரில் கரைந்துவிடும். இரண்டையும் சொல்லாமல் இருக்க ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அந்த வழி யோகாவில் இருந்தது.

யோகாவுக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் கீழே உருண்ட நூல் பாபினை எடுக்கக் குனிந்தவர், நிமிரவில்லை. குனிந்தபடியே டாக்டரிடம் போனார். டாக்டர் மாத்திரையும் கொடுத்து, யோகாவும் செய்யச் சொன்னார். மனைவி ஒரு வருடமாக முழங்கால் வலிக்காகப் பள்ளிக்கூடத்து மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

டீச்சர், ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எதிரே இருப்பவர் அலறினாலும் அவர் குரல் ஏறாது.

"மூச்சை உள்ள இழுங்க. மெதுவா வெளிய விடுங்க. மூச்சோட சேர்த்து எல்லாத்தையும் விட்டுடுங்க ஐயா."

தையல்காரர் மூச்சை மட்டும் விட்டார்.

முதுகைப் பூனை மாதிரி வளைக்கச் சொன்னார்கள். அவர் வளைத்ததைப் பார்த்தால் எந்தப் பூனையும் வழக்குப் போட்டிருக்கும். ஆனால் கடைசியில் வருகிற சவாசனத்தில், அதாவது செத்தவர் மாதிரி மல்லாந்து கிடப்பதில், அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகியும் வராத தளர்ச்சி அவருக்கு மூன்றாம் நாளே வந்தது. குறட்டையோடு வந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், இரண்டாவது வாரத்தில் முதுகு லேசானது. செருப்பைக் குனிந்து மாட்ட முடிந்தது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் டீச்சர் கால் மணி நேரம் தத்துவம் பேசுவார்.

"யோகான்னா உடம்பை வளைக்கிறது மட்டும் இல்ல. மொத்தம் எட்டுப் படி. நாம செய்யற ஆசனம் மூணாவது படிதான்."

"அப்ப முதல் ரெண்டு படியையும் தாண்டி நேரா மூணாவதுல காலை வச்சிருக்கோமே டீச்சர்," என்றார் தையல்காரர். "இடுப்பு பிடிக்காம என்ன செய்யும்?"

டீச்சர் சிரித்தார். முதல் படி, மற்றவர்களோடு எப்படி நடந்துகொள்வது என்பது. யாரையும் நோகடிக்காமல் இருப்பது. பொய் சொல்லாமல் இருப்பது. திருடாமல் இருப்பது. இந்த இடத்தில் தையல்காரர் வாடிக்கையாளர்களின் மிச்சத் துணிகளை நினைத்துக் கொஞ்சம் நெளிந்தார். அப்புறம், தேவைக்கு மேல் சேர்த்துவைக்காமல் இருப்பது.

"பொருள் மட்டும் இல்ல ஐயா. பழைய வன்மத்தைச் சேர்த்துவைக்கிறதும் அதுல சேர்த்திதான்."

டீச்சர் ஏன் தன்னைப் பார்த்துச் சொல்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வன்மம் இல்ல டீச்சர். ஞாபகம்."

"முதுகு வலிக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"இல்ல டீச்சர். பாபின்தான் காரணம்."

இரண்டாவது படி, தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வது. அதில் தவம் என்று ஒன்று. தவத்தில் மௌனமும் உண்டு. தன்னுடைய ஆசிரியர் காலத்திலிருந்து இந்த வகுப்பில் ஏழு நாள் மௌனம் இருக்கிற பழக்கம் உண்டு என்றார் டீச்சர்.

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஏழு நாளும் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லையா?"

"சொல்லக் கூடாது. அதுதானே மௌனம்."

அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்றைக்கு ஞாயிறு. அடுத்த ஞாயிறு வரைக்கும் மௌனம். நடுவில் சனிக்கிழமை வந்து போய்விடும். மச்சான் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவான். இவர் சரி என்றும் சொல்லியிருக்க மாட்டார், வேண்டாம் என்றும் சொல்லியிருக்க மாட்டார். பழியும் இல்லை, தோல்வியும் இல்லை. எல்லாம் ஆன்மிகம்.

"மூணு தரம் இருக்கு," என்றார் டீச்சர். "சின்ன மௌனம்னா பேசக் கூடாது, எழுதிக் காட்டலாம். நடு மௌனம்னா எழுதவும் கூடாது, சைகை காட்டலாம். பெரிய மௌனம்னா பேச்சு, எழுத்து, சைகை எதுவும் கிடையாது. தலையைக் கூட ஆட்டக் கூடாது. புதுசா வர்றவங்க சின்னதுல ஆரம்பிக்கிறது நல்லது."

தையல்காரர் யோசித்தார். சின்னதை எடுத்தால் மனைவி பேப்பரும் பென்சிலும் கொண்டுவந்து வைப்பாள். நடுவை எடுத்தால், "தலையை மட்டும் ஆட்டுங்க" என்பாள். முப்பத்தி இரண்டு வருடம் கூட வாழ்ந்தவருக்கு அவள் எந்தச் சந்தில் நுழைவாள் என்று தெரியாதா? எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட வேண்டும்.

"பெரிய மௌனம்," என்றார்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிஜமாவாங்க? சைகை கூட இல்லாமயா?"

"இல்லாம."

டீச்சர் மணியை அடித்தார். அடுத்த ஞாயிறு வகுப்பு முடிவில் மறுபடி மணி அடிக்கும்போது மௌனம் முடியும் என்றார்.

முதல் நாள் சொர்க்கம். மனைவி தம்பி பேச்சையே எடுக்கவில்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் அவளுக்கே அலுத்துவிட்டது என்று நினைத்தார்.

இரண்டாம் நாள் கடைக்கு ஒருவர் நாலு சட்டைத் துணியோடு வந்தார். "எப்ப கிடைக்கும்?" என்றார். தையல்காரர் சுவரைப் பார்த்தார். அடுத்த வாரம் என்று விரலைக் காட்டக் கூட வழியில்லை. உள்ளே இருந்து மனைவி வந்தாள்.

"அவர் தவத்துல இருக்கார். நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க."

தையல்காரர் அவளைப் பார்த்தார்.

"பாருங்க, மறுக்கவே இல்ல," என்றாள் வந்தவரிடம்.

மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பெடலை விட்டு அவர் கால் இறங்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை. சொல்ல முடியவில்லை. அடுத்த வேளையும் உப்பு இல்லை.

"எப்படி இருக்கு? நல்லா இருக்கா?" என்றாள். அவர் தட்டைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. உப்பைக் குறைச்சா முதுகுக்கு நல்லதுன்னு எங்கயோ கேட்டேன். உங்களுக்குப் பிடிக்காதோன்னு பயந்தேன்."

தன் வாயை மூடிக்கொண்டால் மனைவியின் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்று அவர் போட்ட கணக்கில் எங்கேயோ பிசகு இருப்பது அப்போதுதான் லேசாக உறைத்தது. ஆனால் ரொம்பக் களைப்பாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது மனைவி செல்போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் டீச்சர் இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாளும் இருந்தாள். அந்த அம்மாளுக்குத் தெருவில் மைக் அக்கா என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

"தம்பி, லைன்லயே இரு. உன் காது கேட்கவே மாமாகிட்ட கேட்டுடறேன்." அப்புறம் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, தம்பி ரெண்டு மாசம் நம்ம வீட்டுல தங்கிக்கலாமா? உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இப்பவே வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தையல்காரர் நின்றார். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.

"தலையையாவது ஆட்டலாமே," என்றாள் மைக் அக்கா.

"ஐயோ, ஆட்டக் கூடாது. பெரிய மௌனம்," என்றாள் மனைவி.

தையல்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. இப்போது வாயைத் திறந்தால், மூன்று நாள் கூடத் தாங்காத தவம் என்று மைக் அக்கா பத்து மணிக்குள் கடைத்தெருவுக்கே அறிவித்துவிடுவாள். பேன்ட் பேச்சே இன்னும் ஓயவில்லை. இன்னொன்று தாங்காது.

"கண்ணை இப்படி உருட்டறாரே?"

"காலைல சோப்பு பட்டுடுச்சு."

போனில் இருந்து குரல் வந்தது. "அக்கா, மாமா என்ன சொல்றாரு?"

"மறுத்து ஒரு வார்த்தை சொல்லலடா. நீயே கேட்டியே."

"மாமாவுக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா! சனிக்கிழமையே வந்துடறேன்."

டீச்சர் தையல்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். "மூணே நாள்ல இவ்வளவு மாற்றம்," என்றார்.

சரி, வரட்டும் என்று தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சனிக்கிழமை வந்தால் என்ன? ஞாயிறு காலை மணி அடிக்கும். அடித்த நிமிடமே பேசுவார். வந்த பெட்டியோடு திருப்பி அனுப்புவார். பத்தொன்பது வருடமாக மனதுக்குள் தைத்துவைத்த பேச்சு. அளவு சரிபார்த்து, ஓரம் மடித்து, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தார்.

சனிக்கிழமை மச்சான் ஒரு பெட்டி, ஒரு மெத்தை, மூன்று அட்டைப்பெட்டிப் புத்தகங்களோடு வந்து இறங்கினான். துணி வெட்டும் அறையில் மேசைக்குக் கீழே மெத்தையை விரித்தான்.

"மாமா, நீங்க மௌனத்துல இருக்கீங்கன்னு அக்கா சொன்னா. தொந்தரவே பண்ண மாட்டேன். நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன்."

மூன்று மணி நேரம் பேசினான். நூலகத்தில் பேச முடியாமல் சேர்ந்ததெல்லாம் வந்தது. நடுவில் எழுந்து கூடத்துக்குப் போனவன், போட்டோ முன்னால் நின்று சிரித்தான். "இதை இன்னும் மாட்டி வச்சிருக்கீங்களா! அந்தப் பேன்ட் ஞாபகம் இருக்கா மாமா?"

தையல்காரர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மெதுவாக மேசைமேல் வைத்தார். முதல் படி, யாரையும் நோகடிக்காமல் இருப்பது.

ஞாயிறு காலை மனைவி தம்பியையும் வகுப்புக்குக் கூட்டி வந்தாள். தையல்காரருக்கு அதுவும் வசதியாகத்தான் பட்டது. எல்லார் முன்னாலும் அவமானப்பட்டார், எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாம். கடைசிப் பத்து நிமிடம். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வருகிறவர்களை டீச்சர் முதல் நாள் வகுப்பு முடிகிற நேரத்தில் சுவரோரம் நேராக நிற்கவைத்துப் பார்ப்பார். மச்சானை நிற்கவைத்தார். முன்னால் போய்ப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். இடுப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தார்.

"தம்பி, உங்க வலது இடுப்பு இடதை விட அரை அங்குலம் மேல நிக்குது. சின்ன வயசுல இருந்தே இருக்கணும். எந்தப் பேன்ட் போட்டாலும் வலது கால் தூக்கிக்குமே?"

"ஆமா டீச்சர்!" என்றான் மச்சான் ஆச்சரியமாக. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எந்தத் தையல்காரர்கிட்ட தச்சாலும் அப்படித்தான்."

மணி அடிக்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

"எந்தத் தையல்காரர்கிட்ட தச்சாலுமா!"

பள்ளிக்கூடத்து மாடியே அதிர்ந்தது. ஆறு நாள், இருபத்தி மூன்று மணி நேரம், ஐம்பத்தாறு நிமிடம் அடைத்துவைத்த குரல்.

"கேட்டியாடா! பேன்ட் நேர், ஆள்தான் கோணல்! தெரிஞ்சுக்கிட்டே பத்தொன்பது வருஷமா என்னைத் தும்மவச்சியேடா!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். "போச்சு, தவம் போச்சு," என்றாள் மைக் அக்கா.

டீச்சர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "பரவாயில்ல ஐயா. எல்லாருக்கும் வர்றதுதான். மௌனம் கலைஞ்சா, அந்தச் சொல் யார் மேல விழுந்துச்சோ அவங்ககிட்ட மன்னிப்பு கேட்கணும். எங்க ஆசிரியர் காலத்துல இருந்து அதுதான் வழக்கம்."

"யார்? நான் கேட்கணுமா? இவன்கிட்டயா?"

"இல்லைன்னா இன்னைக்கே முதல்ல இருந்து ஏழு நாள் ஆரம்பிக்கணும்."

தையல்காரர் ஏழு நாளை நினைத்தார். உப்பை நினைத்தார். மேசைக்குக் கீழே விரித்த மெத்தையை நினைத்தார். பேச்சில்லாத இன்னொரு வாரத்தில் அந்த மெத்தை வேர் விட்டுவிடும். முப்பது ஜோடிக் கண் அவரைப் பார்த்தது. ரொம்பக் களைப்பாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ," என்றார் தரையைப் பார்த்து.

மச்சான் ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "விடுங்க மாமா! நான் எதையுமே மனசுல வச்சுக்கிறவன் இல்ல. அப்பவே மன்னிச்சுட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். மைக் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மச்சான் கிடைக்க மாட்டான்," என்று அவள் சொன்னது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. மணி அடித்தது. பத்தொன்பது வருடம் இஸ்திரி போட்டு வைத்திருந்த பேச்சை எடுக்க இடமே இல்லை. மன்னிப்புக் கேட்ட கையோடு யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைச் சமையலறையில் பிடித்தார்.

"டீச்சர் எல்லாருக்கும் தோளைப் பார்ப்பாங்க, முதுகைப் பார்ப்பாங்க. அவனுக்கு மட்டும் ஏன் நேரா இடுப்பைப் பார்த்தாங்க?"

"நான்தான் பார்க்கச் சொன்னேன்."

"நீயா?"

"மணி அடிச்சதும் அவனைத் துரத்தறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க. ஏழு நாளா உங்க முகத்துல வேற எதுவும் எழுதியிருக்கலையே. மணிக்கு முன்னாடி உங்களைப் பேசவைக்க எனக்கு வேற என்ன வழி?"

அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது புரிந்தது.

"அப்ப அவன் இடுப்பு கோணல்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? ஆறு வயசுல மாடிப்படியில உருண்டான். நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

"பத்தொன்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க பேன்ட் நேரான்னுதான் கேட்டீங்க. அவன் நேரான்னு ஒரு நாளும் கேட்கலையே."

தையல்காரருக்குக் கோபப்படக் கூடத் தெம்பில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதை விட முடியாது. இப்போது எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. டீச்சரே சாட்சி. தங்கிக்கொள்ளட்டும், இரண்டு மாதம் வேண்டுமானால் நாலு மாதம் கூடத் தங்கட்டும். அவருக்கு வரவேண்டியது வந்தால் போதும்.

"அவனைக் கூப்பிடு," என்றார். "கூட்டம் எல்லாம் வேண்டாம். இங்க, என் எதிர்ல நின்னு, 'தப்பு என்மேல, மாமா'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அத்தோட முடிஞ்சது."

"சொல்லத்தான் இருந்தான் பாவம்," என்றாள் மனைவி, சாதத்தை வடித்துக்கொண்டே. "ஆனா உங்களைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துடுச்சு. வகுப்பு முடிஞ்சதும் டீச்சர்கிட்டப் போய்ப் பெரிய மௌனம் எடுத்துக்கிட்டான். வீட்டுக்குள்ள மட்டும். நாற்பது நாள்."